அம்மா எங்கே?
ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்த குழந்தைகள்

லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. 1949-ம் ஆண்டில் அங்கே ஒரு விதி இருந்தது. குழந்தையைச் சேர்த்தால், முதல் ஒரு மாதம் பெற்றோர் அதனிடம் பேசக்கூடாது! இரவு 7 மணிக்கு மேல் 8 மணிக்குள் வரலாம். அப்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். தூங்கும் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாய் வீடு திரும்ப வேண்டியதுதான்.

"தாய் வந்து போனால் பிள்ளை அழுகிறது. வராவிட்டால் அமைதியாக இருக்கிறது" என்று காரணம் சொன்னார்கள். தொற்றுநோய் பயமும் இருந்தது.

அது என்ன அமைதி?

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் வார்டில் உட்கார்ந்து கவனித்தார். முதலில் குழந்தை கதறும். பிறகு சோர்ந்து கிடக்கும். கடைசியில் தாயையே மறந்ததுபோல விளையாடும். இந்தக் கடைசி நிலையைத்தான், "பிள்ளை பழகிவிட்டது" என்று எண்ணி ஏமாந்தார்கள்!

டாக்டர்கள் அவரை நம்பவில்லை. அவர் ஒரு காமிரா வாங்கினார். அதுவரை படம் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்!

இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி. தொப்புளில் ஆபரேஷன். 8 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் ஓயாமல் அழுதவள் அல்ல. பொம்மையை இறுகப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் அம்மாவைக் கேட்டாள். அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குப் புறப்படும்போது அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள்!

1952-ல் இந்தப் படத்தை டாக்டர்களுக்குப் போட்டுக் காட்டினார். பலர் கோபப்பட்டார்கள்.

தாயே நர்சு

ஆனால், வேறு வழி முன்பே இருந்தது. நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற டாக்டர், தாயையும் குழந்தையுடன் தங்கவைத்தார். குளிப்பாட்டுவது, பால் கொடுப்பது எல்லாம் தாய்தான்.

நியூசிலாந்தில் பிக்கரில் தம்பதிகள், உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அங்கும் தாயே நர்சு! ஒருவர் பல குழந்தைகளைத் தொட்டால், ஒரு குழந்தையின் நோய் இன்னொன்றுக்குப் போகும். தாய் தொடுவது தன் குழந்தையை மட்டும்தானே? தொற்று குறைந்தது. எந்தப் பயத்தைச் சொல்லித் தாயைத் தடுத்தார்களோ, அதற்குத் தாயே மருந்தானாள்!

1959-ல் பிளாட் கமிட்டி இங்கிலாந்து அரசுக்கு யோசனை சொன்னது. பெற்றோர் எந்நேரமும் வரலாம். சிறு குழந்தையுடன் தாயும் தங்கலாம் என்றது. ஆஸ்பத்திரிகள் உடனே மாறவில்லை. 1961-ல் லண்டன் பாட்டர்சி பகுதித் தாய்மார்கள் சங்கம் அமைத்தார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகப் போய், "கதவு திறந்திருக்கிறதா?" என்று கேட்டார்கள்.