நெஞ்சுக்கூட்டின் கதை – 9: கிளினிக் கொப்பியில் இல்லாத ஒன்று

பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்து மூன்றாவது மாதம். கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். "சிகரெட் குடிப்பீங்களா?" என்று டொக்டர் கேட்டார். "இல்லீங்க" என்றார். பொய் இல்லை. அவர் குடித்தது கஞ்சா. றப்பர் மலையில் பால்வெட்டு முடிந்து, பொழுது சாய்ந்ததும் லயத்துக்குப் பின்னால் ஒரு சுருட்டு. திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "அது மூலிகைதானே தம்பி. மேலு வலிக்கு நல்லது" என்றார்.

எங்கள் மொனராகலையில் இது புதுக்கதை இல்லை. தனமல்வில, சியம்பலாண்டுவ காடுகளில் கஞ்சாச் சேனைகளை விசேட அதிரடிப்படை சுற்றிவளைத்துப் பிடுங்கி எரிப்பது அடிக்கடி வரும் செய்தி. மூலிகை என்ற பேச்சுக்கும் வேர் உண்டு. கஞ்சா சேரும் ஆயுர்வேத மருந்துகள் இருக்கின்றன. ஆனால் வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்தை வைத்து, லயத்துப் புகைக்கு நியாயம் சொல்ல முடியாது.

புகை உள்ளே போன சில நிமிடங்களில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. இரத்தத்தில் கலந்து நாடியை விரட்டுகிறது. நிமிடத்துக்கு 20 முதல் 50 துடிப்பு வரை கூடலாம். அப்படி ஓடும் இதயம் ஒட்சிசன் கூடுதலாகக் கேட்கும். கேட்கும் அந்த நேரத்திலேயே புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, இரத்தம் சுமந்துவரும் ஒட்சிசனைக் குறைத்துவிடும். நல்ல இதயம் தாங்கிக்கொள்ளும். குழாய் சுருங்கிய இதயம் என்ன செய்யும்?

1974இல் அமெரிக்காவில் அரோனோவ், கஸிடி என்ற இருவர் நெஞ்சுவலி நோயாளிகள் 10 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு கஞ்சா சுருட்டுக்குப் பிறகு, வலி வரும்வரை அவர்களால் உடற்பயிற்சி செய்ய முடிந்த நேரம் 48 சதவீதம் குறைந்தது. டி.எச்.சி. இல்லாத சுருட்டுக்கு 9 சதவீதம்தான். 2001இல் மிட்டில்மன் குழுவினர் மாரடைப்பு வந்த 3,882 பேரை விசாரித்தார்கள். கஞ்சா குடித்த முதல் ஒரு மணித்தியாலத்தில் ஆபத்து 4.8 மடங்கு என்று கண்டார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள் 9 பேர்தான். ஆகவே அந்த மடங்கைக் கல்வெட்டாக எடுக்கக் கூடாது. ஆனால் பெரியப்பாவைப் போன்ற ஒருவர் அலட்சியம் செய்யக்கூடியதும் இல்லை.

மாத்திரையோடு சேரும்போது வேறு சிக்கல். வாதக் காய்ச்சலில் வால்வு பழுதாகி, செயற்கை வால்வு வைத்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குடிக்கிறார்கள். அதை ஈரல் உடைத்துக் கழிக்கும் வேலையைக் கஞ்சா தாமதப்படுத்தக்கூடும். இரத்தம் அளவு மீறி இளகி, உள்ளே கசியலாம். பிரஷர் மாத்திரை குடிப்பவருக்கோ, கஞ்சாவுக்குப் பிறகு சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

இவ்வளவு இருந்தும் கஞ்சா குடிப்பதைக் கிளினிக்கில் ஏன் சொல்வதில்லை? 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கஞ்சா குற்றம். டொக்டரிடம் சொன்னால் பொலிஸுக்குப் போய்விடும் என்ற பயம் தோட்டத்தில் ஆழமாக இருக்கிறது. டொக்டர் கேட்பது மருந்தைத் தீர்மானிக்க என்று பெரியப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

பீலிக்கரையில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தார். அதற்காகவே பிரஷர் மாத்திரையை ஒரு தடவை குறைத்தும் கொடுத்திருந்தார்கள். அடுத்த கிளினிக்கில் அவரே வாய் திறந்தார். டொக்டர் திட்டவில்லை. கொப்பியைப் பின்னால் புரட்டி, விழுந்த திகதிகளைப் பார்த்தார்.

"ஐயா, விழுந்த ரெண்டு நாளும் அது குடிச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு நாளும்."