பிளக்கில் அடித்த மீன் வாடை

அன்று வீட்டில் மீன் வாங்கவே இல்லை. ஆனாலும் குளியலறைப் பக்கம் மீன் வாடை. தேடிப் போனால், வெந்நீருக்கு வாளியில் போட்டிருந்த ஹீட்டர் ராடின் பிளக். சுவிட்சை அணைத்து உருவியபோது விரல் சுட்டது. ஒரு பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறிக் கீறல் விட்டிருந்தது. ஆனால் ஃபியூஸ் போகவில்லை. தண்ணீரும் வழக்கம்போல் சுட்டிருந்தது.

ராடின் கைப்பிடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். ஆகவே 1500-ஐ 230-ஆல் வகுக்க, சுமார் 6.5 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, சுமார் 35 ஓம்.

இந்த வகுத்தலுக்குப் பின்னால் இருப்பவர் ஜார்ஜ் சைமன் ஓம். பூட்டுக் கொல்லரின் மகன், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். அன்றைய மின்கலங்களில் அழுத்தம் ஒரு நிலையில் நிற்காது. அளந்த எண்ணும் நிற்காது. அதனால் ஓம் மின்கலத்தையே விட்டுவிட்டார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அந்தச் சூட்டு வித்தியாசம் மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது. பிறகுதான் விதவிதமான நீளத்தில் கம்பிகளை மாட்டி அளந்தார். 1827-ல் அது புத்தகமானது. லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்ததோ 1841-ல்.

லோ வோல்டேஜ் நாளில் 230 என்பது 180 ஆகிறது என்று வையுங்கள். ராடின் 35 ஓம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அழுத்தம் குறைய, ஓட்டமும் 5.1 ஆம்பியராக இறங்கும். இரண்டையும் பெருக்கினால் 920 வாட் அளவுக்குத்தான் தேறும். வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போனதற்கு, சூட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போகிறது. பத்து நிமிட வெந்நீருக்கு இதனால்தான் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறோம். (குண்டு பல்பில் இந்தக் கணக்கு பிசகும். டங்ஸ்டன் இழை சூடாக ஆக அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடும்.)

சரி, பிளக்குக்கு வருவோம். எலெக்ட்ரீஷியன் அதைத் திறந்து காட்டினார். ஸ்க்ரூ தளர்ந்து, வயரின் மூன்று நான்கு செம்பு இழைகள் மட்டும் பட்டும் படாமலும் இருந்தன. அந்த லூஸ் கனெக்‌ஷனின் மின்தடை ஒரே ஒரு ஓம் என்று கொள்வோம். ராடின் 35-உடன் சேர்ந்து 36. ஓட்டம் 6.5-லிருந்து 6.3 ஆம்பியராக லேசாகக் குறையும். ஃபியூஸுக்கு ஆம்பியர் மட்டுமே கண்ணில் படும். அது கூடவில்லை, குறைந்திருக்கிறது! பிறகு ஏன் உருகப் போகிறது?

ஆனால் அந்த ஓர் ஓமில் பிறக்கும் வெப்பம், ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி மின்தடையாலும் பெருக்கியது: 40 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்டில்கூடக் கிடைக்கிறது. ராடின் சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது. இந்த 40 வாட்டுக்கு இருப்பதோ சுண்டுவிரல் நுனியளவு பித்தளையும் கொஞ்சம் பிளாஸ்டிக்கும்.

கறுத்த வயர் நுனியை வெட்டிவிட்டு, புதிய பிளக்கில் இழைகளை முறுக்கி மாட்டினார். சாக்கெட்டின் பிடியும் தளர்ந்திருந்ததால் அதையும் மாற்றச் சொன்னார். மறுநாள் பத்து நிமிடம் கழித்து பிளக்கின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். சுவரைப் போலவே சில்லென்று இருந்தது.