முருகைக்கல் தொட்டியும் நைத்திரேற்றும்

முருகைக்கற்பாரின் மேல் நிற்கும் கடல்நீர் பளிங்கு போலத் தெளிந்திருப்பதற்குக் காரணம் அந்நீரின் வறுமையேயாகும். தாவரங்களுக்கு உரமாகத்தக்க பொருள்கள் அதில் மிகச் சொற்பம். ஒரு லீற்றர் நீரிலுள்ள நைத்திரேற்றின் அளவு, பெரும்பாலும், 1 மில்லிகிராமின் சிறு பின்னமே. இத்தகைய நீரில் வாழப் பழகிய முருகையுயிர்களைக் கண்ணாடித் தொட்டியொன்றிற் குடியேற்றி, அவற்றோடு மீன்களையும் விட்டு, நாள்தோறும் உணவிட்டு வரும் ஒருவர், சில மாதங்கள் கழித்து நீரைச் சோதிக்கும்பொழுது லீற்றருக்கு 40 அல்லது 80 மில்லிகிராம் நைத்திரேற்றைக் காண்பது அரிதான செய்தியன்று. மீன்கள் அப்பொழுதும் உற்சாகமாகவே நீந்திக்கொண்டிருக்கும். முருகைகளோ பழுப்பேறி வளர்ச்சி குன்றி நிற்கும். கற்களின்மேற் பாசி படர்ந்திருக்கும்.

இந்த நைத்திரேற்று எங்கிருந்து வந்தது? மீனுக்கு இடப்படும் உணவிலுள்ள புரதத்தில் நைதரசன் உண்டு. மீன் அதன் பெரும் பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகின்றது. எஞ்சிய உணவும் கழிவும் அழுகி மேலும் அமோனியாவைத் தருகின்றன. அமோனியா கொடிய நஞ்சு. ஆயினும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறொரு வகையின நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. மண்ணில் நிகழும் இம்மாற்றத்தைச் செய்யும் பற்றீரியாக்களை இரசிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவிற் பிரித்தெடுத்துக் காட்டினார். தொட்டியின் வடிகட்டியில் நிகழ்வதும் அதுவே. காற்றோட்டம் மிக்க வடிகட்டி இவ்வேலையைத் திறமையாகச் செய்யும், நைத்திரேற்றோடு நின்றும்விடும். மீன்களைக் காப்பாற்றிய வடிகட்டியே நைத்திரேற்றுத் தொழிற்சாலை என்று பழிக்கப்படுவது அதனாலேதான்.

இதனை ஒரு சிறு கணக்காற் காட்டலாம். புரதத்தின் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்குப் 16 பங்கு நைதரசன். ஒரு கிராம் புரதம் முழுவதும் சிதைந்தால் ஏறக்குறைய 0.7 கிராம் நைத்திரேற்று உண்டாகும். இருநூறு லீற்றர் கொள்ளும் தொட்டியில் அது லீற்றருக்கு 3.5 மில்லிகிராம் உயர்வாகும். சிறிது சிறிதாகக் கிள்ளித் தூவும் உணவு நாளடைவில் இத்துணை நைத்திரேற்றைச் சேர்த்துவிடுமென்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முருகைக்கு இதனால் வரும் கேடு நஞ்சினால் வருவது போன்றதன்று. முருகையின் திசுவுக்குள்ளே சூசந்தெல்லா எனப்படும் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியிற் சருக்கரைப் பொருள்களை ஆக்கி, அவற்றிற் பெரும் பங்கை முருகைக்கு அளிக்கின்றன. நிலத்துக்குரியவனுக்கு ஒழுங்காக வாரம் அளந்துவரும் குத்தகைக்காரனின் நிலை அவற்றினுடையது. நைத்திரேற்று என்னும் உரம் மிகுந்ததும் அல்காக்கள் தம் இனத்தைப் பெருக்கத் தொடங்குகின்றன, விளைவைத் தமக்கே செலவிடுகின்றன, வாரம் குறைகின்றது. பெருகிய அல்காக்களின் பழுப்பு நிறம் முருகையின் சொந்த நிறங்களை மூடிவிடும். சுண்ணக் கூடு கட்டப்படும் வேகமும் தணிந்துபோகும்.

நைத்திரேற்று மிகுந்ததென்று கண்டவுடன் நீரை மாற்றுவதே பெரும்பாலோர் செய்வது. அது நல்ல முறையே. ஆனால் அதன் ஆற்றலுக்கு எல்லையுண்டு. 40 மில்லிகிராம் உள்ள தொட்டியில் நாலிலொரு பங்கு நீரை மாற்றினால் 30 எஞ்சும், மறுமுறை 22.5, மூன்றாம் முறை ஏறத்தாழ 17. நான்கு முறை மாற்றிய பின்னரும், தொட்டி நிறைந்த அளவு நீர் செலவாகியும், மூன்றிலொரு பங்கு நைத்திரேற்று அங்கேயே இருக்கும். வாரந்தோறும் 4 மில்லிகிராம் புதிதாகச் சேரும் தொட்டியிற் பத்திலொரு பங்கு நீரை மாத்திரம் வாரந்தோறும் மாற்றி வருவோமாயின், அது 40 இலேயே நிலைத்துவிடும். மாற்றுமுன் 40, மாற்றியபின் 36, அடுத்த வாரம் மீண்டும் 40. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பயனில்லையே என்று சலித்துக்கொள்பவர்களின் வரலாறு இதுதான். வாரத்திற் சேர்வது 2 ஆகக் குறைந்தால், அதே மாற்றம் நாளடைவில் 20 இற் கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே முதலிற் கவனிக்கவேண்டியவை மீன்களின் தொகையும், இடும் உணவும், பஞ்சு வடிகட்டியிற் சிக்கி அழுகிக் கிடக்கும் கழிவுமாம். பொறுமையிழந்து ஒரே நாளில் முக்காற் பங்கு நீரை மாற்றுவது ஆபத்து. புதுநீரின் உவர்ப்பு, வெப்பநிலை, காரத்தன்மை ஆகியன சிறிது வேறுபட்டாலும், நைத்திரேற்றைச் சகித்திருந்த முருகை அந்த அதிர்ச்சியைச் சகியாது மடியக்கூடும்.

ஊற்றும் நீரையும் சோதித்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகள் பலவற்றில், வயல்களுக்கிட்ட உரத்தாலும் மலகூடக் குழிகளாலும், உலக சுகாதார தாபனம் குடிநீருக்கு வகுத்த 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டிய நைத்திரேற்று உண்டு. தொட்டியில் நாளொன்றுக்கு 2 லீற்றர் ஆவியாகின்றதென்றும், அக்குறையை 50 மில்லிகிராமுள்ள கிணற்றுநீரால் நிரப்புகின்றாரென்றும் கொள்க. நீர் ஆவியாய்ப் போகும், நைத்திரேற்றுப் போகாது. இருநூறு லீற்றர்த் தொட்டியில் மாதத்துக்கு 15 மில்லிகிராம் இவ்வாறே ஏறிவிடும். மென்சவ்வினூடே அழுத்தி வடிக்கப்பட்ட நீரை உபயோகிப்பதே இதற்குப் பரிகாரம்.

இயற்கையில் நைத்திரேற்று முடிவில் எங்கே செல்கின்றது? ஒட்சிசன் அருகிய இடங்களில் வாழும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைத் தம் சுவாசத்துக்கு எடுத்துக்கொண்டு, நைதரசனை வாயுவாக விடுவிக்கின்றன. அவ்வாயு காற்றோடு கலந்துவிடுகின்றது. இவ்வுண்மையைத் தொட்டிக்குட் கொணர்ந்த கதை சுவையானது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிருள்ள கற்களையே எடுத்துவந்து தொட்டியில் அடுக்கி, வடிகட்டி எதுவுமின்றிச் சில காற்றுக் குமிழிகளை மாத்திரம் விட்டு முருகைகளை வளர்த்தார். 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையொன்றில் அம்முறையை எழுதினார். அத்தகைய கற்களின் வெளிப்புறத்தில் ஒட்சிசனை விரும்பும் பற்றீரியாக்களும், நுண்டுளைகளின் ஆழத்தில் அதனை வேண்டாதனவும் வாழ்கின்றன. பின்னர் பிரெஞ்சு விஞ்ஞானி ஜோபேர், தொட்டியின் அடியில் நீர் நிற்கும் வெற்றிடம் விட்டு, அதன்மேல் முருகை மணலைத் தடிப்பாகப் பரப்பும் முறையை வகுத்தார். மொனாக்கோக் கடலியல் நூதனசாலையின் முருகைத் தொட்டி அம்முறையைப் புகழ்பெறச் செய்தது. மணலைப் பரப்பிவிட்டு, அதன்மேல் உணவு மலிந்து அழுகவிட்டால், அந்த மணலே தொல்லையாகும். ஆழத்தைக் கிளறுவதோ நச்சுவாயுவை வெளிப்படுத்தலாம்.

நுரைபிரிக்கும் கருவி நைத்திரேற்றை நீக்குமென்று நம்புவோர் உளர். அது நீக்குவதில்லை. நுண்குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டும் சேதனப் பொருள்களை அவை அழுகுமுன்னரே நுரையாக ஒதுக்கித் தருவதே அதன் தொழில். வரவைக் குறைப்பதில் அது சிறந்த துணை. பக்கத்தொட்டி ஒன்றில் விளக்கின் கீழ்க் கடற்பாசி வளர்ப்பது இன்னொரு வழி. பாசி நைத்திரேற்றை உண்டு வளரும். வளர்ந்ததை அரிந்து வெளியே எடுத்தாற்றான் பயன். அரியாமல் விட்டு அது மடிந்தால் உண்டதையெல்லாம் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

வினாகிரியோ வொட்கா மதுவோ துளித்துளியாக விடும் முறையும் உண்டு. வொட்கா மீனுக்கன்று, பற்றீரியாக்களுக்கு! அதிலுள்ள காபனை உண்டு பெருகும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் தம் உடலில் ஏற்கும். அவற்றுட் பெரும்பகுதியை நுரைபிரிகருவி அகற்றும். அளவு மிஞ்சினால் நீர் பாலாக வெளிறி, ஒட்சிசன் குன்றி, மீன்கள் ஒரே இரவில் மூச்சு முட்டி இறக்கும். நல்ல நுரைபிரிகருவி இல்லாதவர் இதனைத் தொடாமலிருப்பதே நன்று.

நைத்திரேற்றைச் சுழியாக்கிவிட வேண்டுமென்ற ஆவலும் தவறானது. உரம் முற்றாக அற்ற தொட்டியில் முருகைகள் வெளிறி நலிவதை வளர்ப்போர் கண்டுள்ளனர். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, நைத்திரேற்று மிகுந்தும் பொசுபேற்று அற்றும் உள்ள நீரில் வளரும் முருகைகள் வெப்பத்தாலும் ஒளியாலும் எளிதில் வெளிறிப்போவதைக் காட்டியது. நைத்திரேற்று உயர்ந்திருக்கையிற் பொசுபேற்றை மாத்திரம் துடைத்தெடுப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் தகும். வளர்ப்போருட் பலர் 2 முதல் 10 மில்லிகிராம் வரையுள்ள அளவைப் போதுமானதாகக் கொள்வர். 40 இலிருந்து அவ்வளவுக்கு இறங்கச் சில மாதங்கள் செல்லலாம்.

அளக்கும்பொழுது ஒரு சொல்லைக் கவனித்தல் வேண்டும். சில சோதனைப் பெட்டிகள் நைத்திரேற்றின் முழு நிறையையும், வேறு சில அதிலுள்ள நைதரசனின் நிறையை மாத்திரமும் காட்டும். பின்னையதை 4.4 ஆற் பெருக்கினால் முன்னையது கிடைக்கும். 10 என்று கண்டு மனநிறைவோடு பெட்டியை மூடிவைத்தவரின் தொட்டியில் உண்மையில் 44 இருக்கக்கூடும்.