பழவேற்காடு கோட்டை யாரைக் காத்தது?



காக்களூர் எஸ்டேட்டில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனோம். போனது என்னவோ இறால் சாப்பிடத்தான்! திரும்பும்போது மனசில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது.

"கோட்டை எங்கே?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டோம். "அதோ, அந்த முள்ளுக்காடுதான் தம்பி" என்றார். புதருக்கு நடுவே செங்கல் மேடும் அகழியும் தெரிந்தன. அதுதான் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை.

அதன் கதை இதுதான். 1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வெங்கடரிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் இங்கே கிடங்கு போட்டார்கள். மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியர்களுக்கு இது பிடிக்குமா? 1612-ல் வந்து அடித்து நொறுக்கிவிட்டார்கள். அதனால்தான் 1613-ல் கோட்டை எழுந்தது.

சிவில் நண்பர்கள் கவனிக்கவும். பீரங்கி வந்த பிறகு உயரமான மதில் எதிரிக்கு நல்ல குறியாகிவிட்டது. அதனால் இந்தக் காலத்துக் கோட்டைகளில் மதிலைத் தாழ்வாக, தடிமனாகக் கட்டினார்கள். மூலைக்கு மூலை வெளியே துருத்திக்கொண்டு ஒரு கொத்தளம். நேர் மதிலின் மேல் நிற்பவனுக்குக் கீழே மதிலோரம் ஒட்டி நிற்கிற எதிரி தெரியமாட்டான். ஆனால் பக்கத்து மூலைக் கொத்தளத்திலிருந்து அவனைச் சுடலாம். ஒரு மூலை இன்னொரு மூலையைக் காக்கும்! போதாததற்கு அகழி, பக்கத்தில் ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏரியில் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல் வெளியே கடலில்தான் நிற்கவேண்டும்.

இத்தனை பாதுகாப்பும் எதற்கு? துணிக்கு! நம்ம பக்கத்து நெசவுத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். வெடிமருந்து ஆலையும் இங்கே நடந்தது. 1690 வரை சோழமண்டலக் கரைக்கே டச்சுத் தலைமையிடம் இதுதான்.

இன்னொரு சரக்கும் போனது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. மனிதர்கள்! 17-ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களையும் பிடிபட்டவர்களையும் அடிமைகளாக இங்கிருந்து பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

கடைசியில் கோட்டையின் தலைவிதியை முடிவு செய்தது ஐரோப்பா. 1795-ல் பிரெஞ்சுப் படை ஹாலந்தைப் பிடித்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தப்பிய டச்சுத் தலைவர், குடியேற்றங்களை பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அந்த வருஷமே பழவேற்காடும் கை மாறியது. பிறகு பிரிட்டிஷார் கோட்டையைத் தகர்த்தார்கள். 1825-ல் ஊர் முழுசாக அவர்களிடம் போய்விட்டது.

பக்கத்திலேயே டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள். தொல்லியல் துறை பராமரிக்கிறது. கல்லில் பெயர், தேதி எல்லாம் அழகாக வெட்டியிருக்கிறார்கள். கப்பலேறிப் போன நம்ம ஜனங்களுக்கு ஒரு கல்லாவது உண்டா என்று தேடினோம். எங்கள் கண்ணில் படவில்லை.

கோட்டை துணி மூட்டையைக் காத்தது. நெய்தவனையும் பசித்தவனையும் காக்கவில்லை. இறால் சாப்பிடப் போகிற நண்பர்கள் அந்த முள்ளுக்காட்டையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்தால் டேப்பையும் எடுத்துப் போங்கள். மிச்சம் இருக்கிற சுவரையாவது நாம் அளந்து வரைந்து வைப்போம்.