டேட்டாபேஸ் பழகுவோம் – 14: இல்லாததைத் தேடுவது எப்படி?

இரண்டு டேபிள்களை ஜாயின் போட்டு இணைப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். நூலகத்தின் உறுப்பினர் டேபிளையும் இரவல் டேபிளையும் இணைத்தால், யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது வந்துவிடும். இப்போது நூலகர் வேறொன்று கேட்கிறார்: “சந்தா கட்டிவிட்டு ஒரு புத்தகம்கூட எடுக்காதவங்க யாரு?”

இரவல் டேபிளை எத்தனை முறை சலித்தாலும் இதற்கு விடை கிடைக்காது. புத்தகம் எடுக்காதவருக்கு அங்கே ஒரு வரிகூட இல்லையே! வகுப்புக்கு வராதவர் யாரென்று தெரிய, ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். அதேபோல நாமும் முழுப் பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்குத்தான் ‘லெஃப்ட் ஜாயின்’. உறுப்பினர் டேபிளில் 101, 102, 103, 104 என நால்வர். இரவல் டேபிளில் மூன்று வரிகள்: 101, 103, மறுபடி 101. உறுப்பினர் டேபிளை இடப்பக்கம் வைத்து இணைத்தால் ஐந்து வரிகள் வரும். 102, 104 இருவருக்கும் வலப்பக்கம் காலியாக, ‘நல்’ என்று நிற்கும். அந்த வரிகளை மட்டும் ‘இஸ் நல்’ என்று வடிகட்டினால் விடை கிடைத்துவிடும்.

எந்த நெடுவரிசையை வைத்து வடிகட்டுகிறோம் என்பதில் கவனம் தேவை. ‘திருப்பிய தேதி’யை வைத்தால், புத்தகத்தை இன்னும் கையில் வைத்திருப்பவரும் பட்டியலில் ஏறிவிடுவார், அவருக்கும் அந்தத் தேதி காலிதான். ஒருபோதும் காலியாக இருக்க முடியாத இரவல் எண்ணே சரி. “2024இல் எடுக்காதவர்கள்” என்று கேட்டால், ஆண்டு நிபந்தனையை, டேபிள்களை இணைக்கும் ‘ஆன்’ பகுதியில் எழுத வேண்டும். வடிகட்டும் ‘வேர்’ பகுதியில் எழுதினால், நாம் தேடும் வரிகளில் தேதியே இல்லாததால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

இரவல் டேபிளின் உறுப்பினர் எண்களில் இல்லாதவர் யார் என்று ‘நாட் இன்’ போட்டாலும் இதே விடை வருமே என்று தோன்றும். வரும், ஒரு நாள் கவுன்ட்டரில் யாரோ உறுப்பினர் எண்ணைத் தட்டாமல் ஓர் இரவலைப் பதியும் வரை. அந்த ஒரே ஒரு ‘நல்’ நுழைந்ததும் பட்டியல் மொத்தமும் காலி! 102 என்பது 101 அல்ல, 103 அல்ல, சரி. அது ‘நல்’ அல்ல என்று சொல்ல முடியுமா? எஸ்.க்யூ.எல். மொழியில் இதற்கு விடை ‘ஆம்’ இல்லை, ‘இல்லை’யும் இல்லை, ‘தெரியாது’. உண்மை என்று உறுதியான வரிகளை மட்டுமே ‘வேர்’ உள்ளே விடும். 1970இல் ஐ.பி.எம்.மில் இருந்தபடி ரிலேஷனல் முறையை முன்வைத்த எட்கர் காட், விடுபட்ட தகவலுக்கு இந்த மூன்று விடைத் தர்க்கத்தை 1979 கட்டுரையில் விவாதித்தார். இன்றும் அது பலரைத் தடுக்கி விழவைக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லா உறுப்பினரும் புத்தகம் எடுத்துவிட்டதாக நூலகர் மகிழ்ந்துகொள்வார்.

‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ இந்த வலையில் சிக்காது. “இவர் எண்ணோடு பொருந்தும் வரி ஒன்றாவது உண்டா?” என்பது மட்டுமே அதன் கேள்வி. ‘நல்’ எதனோடும் பொருந்தாது. அந்த வரியால் தொந்தரவில்லை. போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸ்கள் இதை, பொருந்தாத வரிகளை மட்டும் தரும் ‘ஆன்ட்டி ஜாயின்’ ஆக்கி வேகமாகவும் முடிக்கும்.

வந்த விடையைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. இரவல் டேபிளில் உள்ள வெவ்வேறு உறுப்பினர் எண்களை எண்ணுங்கள், எடுக்காதவர்களைக் கூட்டுங்கள். 2 + 2 = 4, மொத்த உறுப்பினர் எண்ணிக்கை. கூட்டினால் 5 வருகிறதா? அப்படியென்றால் உறுப்பினர் டேபிளிலேயே இல்லாத ஒருவர் பெயரில் புத்தகம் போயிருக்கிறது. அவரைப் பிடிக்க டேபிள்களை இடம் மாற்றுங்கள்: இரவல் இடப்பக்கம், உறுப்பினர் வலப்பக்கம். இரவல் டேபிளிலேயே உறுப்பினர் எண் காலியாக உள்ள வரிகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

இப்படி அநாதையாக நிற்கும் வரிகள் எப்படி உருவாகின்றன, ‘ஃபாரின் கீ’ அவற்றை வாசலிலேயே எப்படித் தடுக்கிறது என்பது அடுத்த வாரம்.