கேசரிக்குப் படர்தாமரை!

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால், ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ போன மாதிரி விசில் பறக்கும். ‘வீக்... வீக்... வீக்...’ கொத்துமல்லிக் கட்டு வெளியே வருகிற வரைக்கும் ஓயாது.

விசிலடிச்சான் குஞ்சுகள் இரண்டு பேர். பெயர்: ரவா, கேசரி. இனம்: கினி பிக். தமிழில் இதற்கு சீமைப் பெருச்சாளி என்று ஒரு பெயர் உண்டு. (அம்மா காதில் மட்டும் அது விழாமல் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்!)

எடமலைப்பட்டி புதூரில் இரண்டு ரூம் வாடகை வீடு. நான், அம்மா, அக்கா பெண். அக்காவும் அத்தானும் திருப்பூரில் வேலை. பாப்பா மட்டும் மூன்றாம் வகுப்புக்கு எங்களோடு. பிறந்த நாளுக்கு “நாய்க்குட்டி வேணும் மாமா” என்றாள். ஹவுஸ் ஓனரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, முறைத்தார். கலர் மீன், லவ் பேர்ட்ஸ் விற்கிற கடையில் இந்த ஜோடியைக் காட்டி, “சத்தமே போடாது சார், ரெண்டும் பொட்டை, குட்டி போடுற வம்பும் இல்ல” என்று சத்தியம் செய்தார்கள். இரண்டாவது சத்தியம் உண்மை.

மூன்றாவது வாரம் கேசரியின் மூக்குக்கு மேலே எட்டணா அளவுக்கு முடி கொட்டியிருந்தது. அப்புறம் கண்ணைச் சுற்றி. தொட்டால் பொடுகு மாதிரி உதிர்ந்தது. “வெயில் சூடுடா” என்று அம்மா வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசினாள். கேசரி இரண்டு நாள் மஞ்சள் முகத்தோடு மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினது மாதிரி உட்கார்ந்திருந்தது. வட்டம் குறையவில்லை.

ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பரிடம் சொன்னேன். டிராயரைத் திறந்து ஒரு ட்யூபை எடுத்துத் தந்தார். பாதி காலி. “நம்ம செக்ஷன்ல எல்லாருக்கும் இதான். ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடும்.” எங்கே அரிப்பு என்று நான் கேட்கவில்லை. திருச்சி வெயில், இறுக்கமான பேண்ட், நாள் முழுக்க பைக் ஸீட். வாசக நண்பர்களுக்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நாலு நாள் பூசினேன். சிவப்பு போயே போச்சு! எனக்கே ஒரு கால்நடை டாக்டர் பட்டம் கொடுத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் பார்த்தால், காது, முதுகு, முன்னங்கால் என்று கேசரி ஊர் ஊராகக் கிளை திறந்திருந்தது. ரவாவின் மூக்கிலும் ஒரு பிராஞ்ச். பாப்பாவின் முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு வளையல் வட்டம். கண்ணாடியில் பார்த்தால் என் கழுத்திலும்.

அடுத்த ஞாயிறு மணப்பாறைக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. “பையனுக்கு ஆபீஸ்ல ஆடிட்” என்று அம்மா போன் போட்டுத் தள்ளி வைத்தாள்.

அக்காவின் போன் அப்படி இல்லை. “டேய்! அந்த எலியைக் கொண்டுபோய் கோரையாத்துப் பக்கம் விட்டுட்டு வா. இல்லேன்னா நான் வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுறேன். டிசி வாங்கிடு!”

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று ராத்திரி, பாப்பா தூங்கின பிறகு, இரண்டையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு பைக்கில் வைத்து நான் போனேன். கரையில் நாலைந்து தெரு நாய்கள் படுத்திருந்தன. பெட்டியைக் கீழே வைத்தேன். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுக்கும்போது ஏதோ பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. உடனே பெட்டிக்குள்ளிருந்து ‘வீக்... வீக்...’ கொத்துமல்லி வருகிறது என்று நினைத்துவிட்டன.

பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம் பல ஆயிரம் வருஷமாக மனிதன் வீட்டிலேயே வளர்ந்த பிராணி இது. காட்டில் பிழைக்கவே தெரியாது. எடமலைப்பட்டி புதூர் நாய்களிடம் பத்து நிமிஷம் தாங்கியிருக்காது.

காலையில் லீவு போட்டுவிட்டு கால்நடை ஆஸ்பத்திரி க்யூவில் நின்றேன். முன்னால் ஒரு வெள்ளாடு, பின்னால் ஒரு ராஜபாளையம். இரண்டும் என் பெட்டியை மோந்து பார்த்தன. ஒன்று அட்டையையே மென்றது. “உள்ள என்ன தம்பி, முயலா?” என்றார் ஆட்டுக்காரப் பெரியவர். “கினி பிக்.” “அப்படியா, கறி எப்படி?” (பெரு நாட்டில் நிஜமாகவே இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் பெரியவரிடம் சொல்லவில்லை.)

டாக்டரம்மா கேசரியைத் திருப்பிப் பார்த்ததும் முதல் கேள்வி: “என்ன பூசினீங்க?”

ட்யூபை நீட்டினேன். அவர் முகம் ஹவுஸ் ஓனர் முகம் மாதிரி ஆகிவிட்டது.

“இதுல பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒண்ணு, கூட ஒரு ஸ்டீராய்டு. வந்திருக்கிறது படர்தாமரை, அது பூஞ்சை. ஸ்டீராய்டு என்ன பண்ணும் தெரியுமா? தோல்ல சண்டை போடுற சக்தியை அமுக்கிடும். திருடன் வந்தா குரைக்கிற நாய்க்குத் தூக்க மாத்திரை கொடுத்த மாதிரி. சத்தம் நின்னுடும். திருடன் நிம்மதியா எல்லா ரூமுக்கும் போவான்.”

இன்னொன்றும் சொன்னார். கினி பிக் பூசினதை நக்கும். இதன் வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிகள்தான் புல்லை ஜீரணிக்கின்றன. பெனிசிலின் வகை, லின்கோமைசின், கிளிண்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்குகளை வாய்வழியாகக் கொடுத்தால் நல்ல கிருமிகள் செத்து, கெட்டது பெருகி, சில நாளில் பிராணியே போய்விடும். நமக்குக் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைப் பொடி செய்து கொடுத்துக் கொன்றவர்கள் உண்டாம். என் யோசனையிலும் அது இருந்தது என்பதை டாக்டரம்மாவிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

“மேடம், கறுப்பு லைட் அடிச்சா பச்சையா மின்னும்னு சொல்றாங்களே?” என்று என் அறிவைக் காட்டினேன்.

“அது பூனையோட பூஞ்சைக்கு. அதுவும் எல்லாத்துலயும் மின்னாது. கினி பிக்குக்கு வர்றது டிரைக்கோஃபைட்டான் ஜாதி. அது மின்னவே மின்னாது. லைட் அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லேன்னு போனா ஏமாந்துடுவீங்க.”

வட்டத்தின் ஓரத்திலிருந்து நாலு முடியைப் பிடுங்கி, கொஞ்சம் செதிளைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு ஒரு சொட்டு விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். முடியைச் சுற்றி ஜவ்வரிசி ஒட்டின மாதிரி உருண்டை உருண்டையாக வித்துகள். மிச்ச முடியைப் பூஞ்சை வளர்க்கிற கல்ச்சருக்கு எடுத்து வைத்தார். முடிவு தெரிய இரண்டு, மூன்று வாரம் கூட ஆகும்.

எதற்கு இத்தனை மெனக்கெடல்? முடி கொட்டினால் எல்லாம் படர்தாமரை இல்லை. சொறி உண்ணி வந்தாலும் கொட்டும். அதில் அரிப்பு பயங்கரம். வலிப்பு வருகிற அளவுக்குச் சொறிந்துகொள்ளும். அதற்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி பூஞ்சையை ஒன்றும் செய்யாது. பூஞ்சைக் களிம்பு உண்ணியை ஒன்றும் செய்யாது. வைட்டமின் சி குறைந்தாலும் தோலும் முடியும் கெடும். நம்மைப் போலவே கினி பிக்கும் அந்த வைட்டமினைத் தன் உடம்பில் தயாரிக்க முடியாத பிறவி. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இருவர் வெறும் தானியத்தைப் போட்டு வளர்த்ததில் கினி பிக்குகளுக்கு ஸ்கர்வி வந்து, அதிலிருந்துதான் இந்த விஷயமே புரிந்தது. “கொய்யா கொடுங்க, குடமிளகா கொடுங்க. வெறும் அரிசியும் கோதுமையும் போடாதீங்க” என்றார். கடைக்காரர் கோதுமை போடச் சொல்லியிருந்தார்.

பிறகு எடை. ஆஸ்பத்திரி தராசு மாடுகளுக்கானது. கேசரி ஏறினால் முள்ளே அசையவில்லை! எதிர்க் கடைக் காய்கறித் தராசில் நிறுத்தோம். கேசரி 640 கிராம், ரவா 710. எடைக்குத் தகுந்தபடி இட்ராகோனசோல், ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயோரமாக. அளவை இங்கே எழுத மாட்டேன். உங்கள் வீட்டுக் குட்டியின் எடை வேறு; கர்ப்பமாக இருந்தால் கதையே வேறு. மேலே பூச வெறும் க்ளோட்ரிமசோல், ‘வெறும்’ என்பதற்கு டாக்டரம்மா இரண்டு கோடு போட்டார். வட்டத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் சேர்த்துப் பூசி, நக்காமல் இருக்கக் கால் மணி நேரம் மடியில் வைத்திருக்க வேண்டும். ரவாவுக்கு மூக்கில் மட்டும்தானே என்றதற்கு, “ஒரு கூண்டுன்னா ஒரே ட்ரீட்மெண்ட். பார்க்க நல்லா இருக்கிறதும் பூஞ்சையைச் சுமக்கும்” என்றார்.

இதை நான் பிறகு படித்துப் பார்த்தேன். ஜெர்மனியில் பெர்லின் கடைகளில் விற்பனைக்கு இருந்த கினி பிக்குகளைச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் பூஞ்சை இருந்திருக்கிறது. பெரும்பாலானவை பார்வைக்கு ஜோராகத்தான் இருந்தன. கடை மாறி, கூண்டு மாறி, பயண அலுப்பில் உடம்பு தளர்ந்ததும் வட்டம் வெளியே வருகிறது. வாங்கின மூன்றாவது வாரம் என்பது கணக்குக்குச் சரியாக இருக்கிறது!

அன்றிலிருந்து ஆறு வாரம் எங்கள் வீடு ஒரு மினி ஆஸ்பத்திரி. மரக் கூண்டின் இடுக்கில் வித்து மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், கூண்டைத் தூக்கி எறிந்தேன். பதிலுக்கு அகலமான பிளாஸ்டிக் தொட்டி. தினம் பழைய நியூஸ் பேப்பர் மாற்றி, தொட்டியைக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, மறுபடி அலசிக் காய வைத்து... அதுவரை இரண்டும் வேறு தொட்டியில். “வெயில்ல வைடா, கிருமி சாகும்” என்றாள் அம்மா. தொட்டியை வைக்கலாம், கேசரியை வைக்கக் கூடாது. முப்பது டிகிரி தாண்டினாலே அதற்கு ஆபத்து. திருச்சி மே மாதம் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். மதியம் ஈரத் துணியில் சுற்றின ஐஸ் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தோம். எங்களுக்குக் கிடையாது, அதற்கு மட்டும்.

பாப்பா தொடக் கூடாது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, “கேசரி, இன்னிக்கு மேத்ஸ் டெஸ்ட்” என்று ஆரம்பித்து விடுவாள். அது கேட்டுக்கொண்டே பேப்பரைத் தின்னும்.

எங்கள் இருவருக்கும் தோல் டாக்டர். அவரும் அதே ட்யூப் கதைதான் கேட்டார். 2018-ல் மத்திய அரசு பதினான்கு வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் நம் ஊர் டிராயர்களில் ட்யூப் குடியிருக்கிறது. சில வருஷங்களாக இந்தியாவில் பரவுகிற ஒரு படர்தாமரை, டெர்பினாஃபின் மாத்திரைக்கே பல இடங்களில் மசிவதில்லை. அந்தப் பூஞ்சைக்கு 2020-ல் ஜப்பானில் பெயர்சூட்டு விழா நடந்தது: டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. முதல் பாதி நம் நாட்டுப் பெயர். பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

“எல்லாம் கேசரிகிட்டேருந்து வந்ததுதானே டாக்டர்?”

“குழந்தைக்கு அப்படி இருக்கலாம். உங்க கழுத்துக்கு கேசரி காரணமா, ஆபீஸ் டவல் காரணமான்னு கல்ச்சர் பார்க்காம யாரும் சொல்ல முடியாது. டவலை யாரோடயாவது பங்கு போடுறீங்களா?”

செக்ஷன் வாஷ்பேஸின் பக்கத்தில் தொங்குகிற அந்த ஒற்றை டவல் என் கண் முன்னால் வந்து போனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கூடவே இன்னொரு கதையும். படர்தாமரைக்கு உள்ளே சாப்பிடுகிற முதல் நல்ல மாத்திரை கிரிஸியோஃபல்வின். 1939-லேயே அதைக் கண்டுபிடித்து விட்டார்கள், ஆனால் எதற்கு ஆகும் என்று தெரியாமல் கிடந்தது. 1958-ல் கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் என்பவர், படர்தாமரை வரவழைத்த கினி பிக்குகளுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்துத்தான் குணமாவதைக் காட்டினார். அப்புறம்தான் மனிதனுக்கு வந்தது. அதுவரை தலையில் படர்தாமரை வந்த குழந்தைகளுக்கு எக்ஸ்ரே அடித்து முடியை உதிர வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப கேசரியோட தாத்தா பாட்டி புண்ணியமா?” என்றாள். மறுநாளிலிருந்து கொய்யாவை விதை எடுத்து நறுக்கிப் போட ஆரம்பித்தாள். எனக்கு இதுவரை விதை எடுத்துக் கொடுத்ததில்லை.

நாலாவது வாரமே முடி வளர்ந்து, வட்டம் மறைந்துவிட்டது. மருந்தை நிறுத்தலாம் என்று கை அரித்தது (வேறு அரிப்பு!). டாக்டரம்மா விடவில்லை. “கண்ணுக்கு நல்லா ஆயிடுச்சுன்னு நிறுத்துறவங்கதான் மூணாவது மாசம் திரும்ப வர்றாங்க.” மறுபடி முடி பிடுங்கி, மறுபடி கல்ச்சர், அது சுத்தம் என்று வந்த பிறகுதான் சிரிஞ்சுக்கு விடுதலை.

சென்ற மாதம் அக்கா வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கூடக் கழற்றாமல், “எங்கடா அந்த எலிங்க?” என்றாள். பாப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். தழும்பு கூட இல்லை. என் கழுத்தைப் பார்த்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள். பார்த்ததோடு சரி, ஒன்றும் சொல்லவில்லை. வெயிலில் வந்த களைப்பு, தண்ணீர் பாட்டில் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

‘வீக்... வீக்... வீக்...!’

“என்னடா இது?”

“உனக்குத்தான்க்கா, வரவேற்பு” என்றேன்.

“கொத்துமல்லி எங்கடி இருக்கு?” என்றாள் அக்கா, பாப்பாவைப் பார்த்து.