சிலிகா ஏரியும் கணக்கு மாதிரியும்

ஒடிசாவிலுள்ள சிலிகா, ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் பெருங்காயலாகும். வண்டலும் மணலும் அதன் கடல்வாயைத் தூர்க்கவே, உவர்ப்புக் குன்றிற்று. நன்னீர்க் களைகள் படர்ந்தன. மீன் அருகி வலைஞர் வறுமையுற்றனர். 1993ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையார் அதனை ஆபத்துற்ற நீர்நிலங்களுள் ஒன்றாகப் பதிந்தனர்.

புதுவாய் வெட்டுக என்பது எவர்க்கும் தோன்றும் யோசனையே. ஆயின், ஓரிடத்தில் வெட்டிப் பார்த்து, பயனின்றேல் மூடிவிடுவதற்கு ஏரி என்ன களிமண் பொம்மையா? ஆதலின், புனே நகரத்து மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தார் ஏரியின் ஆழம், கடலேற்றம், ஆற்றுவரவு, உப்பு என்பவற்றைச் சமன்பாடுகளாக்கி, வாய் திறப்பின் யாது விளையும் என முன்னரே கணித்தனர். மாதிரி என்று நாம் சொல்வது இக்கணக்கையே. 2000 செப்டம்பரில் புதுவாய் திறக்கப்பட்டது. கடல்வழி 18 கிலோமீட்டர் குறுகிற்று. உவர்ப்பும் மீனும் மீண்டன. 2002இல் அப்பதிவும் நீங்கிற்று. எனினும், கரைமணல் ஓய்வதில்லையாதலின், வாயின் நிலையும் ஏரியின் உப்பும் இன்னும் அளக்கப்பட்டு வருகின்றன.